எறும்பைப் பார்த்தால் எறும்புதான் தெரிகிறது

மட்டக்களப்புக் கல்லடியில் வீடு, கல்முனையில் வேலை, தினமும் பஸ் பயணம். இப்படி ஒரு தங்கச்சி கேட்டிருந்த கேள்விக்கான பதில் இது. அவருடைய அலுவலகத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்ததாம். “இயற்கையைக் கவனியுங்கள், எறும்பு உழைப்பைச் சொல்லித் தரும், மரம் பொறுமையைச் சொல்லித் தரும், மனம் தானாக வளரும்” என்றார்களாம். அவரும் இரண்டு மாதம் முயன்று பார்த்திருக்கிறார். “எறும்பைப் பார்த்தால் எறும்புதான் தெரிகிறது. ஆற்றைப் பார்த்தால் ஆறுதான் தெரிகிறது. மேலதிகாரி ஒரு சொல் சொன்னால் முன்போலவே நாள் முழுக்க மனம் சுருங்கித்தான் கிடக்கிறது. என்னில் குறையா, அல்லது இதெல்லாம் சும்மா பேச்சா?” என்று முடித்திருந்தார்.

உங்களில் ஒரு குறையும் இல்லை தங்கச்சி. எறும்பைப் பார்த்தால் எறும்பு தெரிய வேண்டும். பட்டறையில் பேசியவர் எறும்பைப் பார்த்து எத்தனை வருடமோ தெரியாது. உழைப்பு என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு, அதைத் தூக்கி வைக்க ஒரு முதுகு தேடியிருக்கிறார், எறும்பு அகப்பட்டுவிட்டது. நான் முப்பது வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். வெல்லாவெளி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், சேறு மிதித்துவிட்டு, இப்போது ஆரையம்பதியில் ஆற்றங்கரையோரம் ஓய்வாக இருக்கிறேன். (மட்டக்களப்பு வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம்.) இயற்கையிடமிருந்து எனக்குக் கிடைத்த பாடங்கள் என்று எண்ணினால் ஒரு கையளவுதான் வரும். அத்தனையும் நான் முதலில் பிழையாக விளங்கிக்கொண்டு, பிறகு அது என்னைத் திருத்திய இடங்கள். பாடம் எடுக்கப் போன நாட்களில் ஒன்றும் கிடைத்ததில்லை.

எறும்பிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய வகை எறும்பைக் கூட்டோடு ஆய்வுகூடத்தில் வளர்த்து, ஒவ்வொன்றின் உடம்பிலும் நிறப் பொட்டு வைத்து, எது என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். கூட்டில் சுமார் 40 சதவீதம் எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருந்தன. நன்றாக உழைத்தவற்றை எடுத்துவிட்டபோது, சும்மா இருந்தவற்றில் சில எழுந்துவந்து அந்த வேலையைப் பிடித்துக்கொண்டன. சும்மா இருந்தவற்றை எடுத்தபோது அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. 2017இல் வெளியான ஆய்வு இது. இதை வீட்டில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்குவதற்கு இனி ஆதாரம் இருக்கிறது என்று மகள் சொல்லிவிட்டாள். அது கிடக்கட்டும். பட்டறைக்காரரின் எறும்பைவிட இந்த எறும்பு எவ்வளவு சுவாரசியமானது என்று பாருங்கள். அவருடைய எறும்பு ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது. இந்த எறும்பைக் கேட்ட பிறகு, நம் அலுவலகத்தில் சும்மா இருக்கிறவர் என்று நாம் முத்திரை குத்திய ஆளை நினைத்து ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு வட்டை, மாரிப் போகம், வேளாண்மை, அதாவது நெற்பயிர், கதிரை உள்ளே வைத்திருக்கும் குடலைப் பருவத்துக்கு வந்திருந்த நேரம். ஒரு காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வயலைக் காட்டக் கூப்பிட்டார். வயது அறுபதிருக்கும். வரம்பில் நின்றபடி பயிரை விலக்கினேன். தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில், தண்டோடு தண்டாக, பழுப்பு நிறத்தில் சிறு சிறு பூச்சிகள். தட்டினால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். கபிலநிறத் தத்தி. எங்கள் ஆட்கள் அறக்கொட்டி என்பார்கள். படித்துவிட்டு வந்த புதிது, எனக்குக் கை பரபரத்தது. “காக்கா, நாளைக்கே மருந்தடிக்க வேணும்” என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்தார். “ரெண்டு நாளைக்குப் பொறுப்பமே சேர். அவன்ட வேலைய அவன் பாக்கான்” என்றார். யாருடைய வேலையை யார் பார்க்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அரசாங்கத்துப் போதனாசிரியர் சொல்கிறாரே என்று மறுநாள் அவர் மருந்தடித்தார். ஒரு வாரம் வயல் சுத்தமாக இருந்தது. நான் பெருமையோடு மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் இரண்டு தரம் போய்வந்தேன்.

மூன்றாம் கிழமை ஆள் அனுப்பியிருந்தார். வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து, வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகிக் கிடந்தது. காக்கா சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்து வயலுக்குள் இறக்கினார். பயிரை விலக்கி, “சிலந்தியெல்லாம் எங்க போன சேர்?” என்று கேட்டார். பார்த்தேன். ஒரு சிலந்தி இல்லை. வரம்பைத் தாண்டி அவருடைய தம்பியின் வயல். தம்பியிடம் மருந்துக்குக் காசு இருக்கவில்லை, அடிக்கவில்லை. அங்கே பயிரை விலக்கினால் தத்தியும் இருந்தது, சிலந்தியும் இருந்தது. முதுகில் கவட்டை போட்டதுபோல ஒரு குறியோடு, வலை பின்னாமல் தண்ணீர்மேல் ஓடி இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி. ஒன்று என் கண்முன்னே ஒரு தத்தியைப் பிடித்துக்கொண்டு தண்டில் ஏறியது. அந்த வயல் அந்தப் போகம் அறுவடை வரை நின்றது.

நடந்தது இதுதான். தத்தி தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் கீறி வைக்கும். மேலே அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. மருந்து கொன்றது பெரிய தத்திகளையும், அவற்றைத் தின்னும் சிலந்திகளையும், முட்டையை உறிஞ்சும் சின்ன நாவாய்ப் பூச்சிகளையும். ஒரு கிழமை கழித்து முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வந்தபோது, வயலில் அதற்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 தத்திவரை தின்னும். அந்தக் கூலியில்லாத வேலைக்காரர்களை நான் ஒரே காலையில் அனுப்பிவிட்டேன். யூரியாவை அள்ளிப் போடுவதும் நெருக்கமாக விதைப்பதும் தத்தியைக் கூட்டும் என்பது வேறு; அதையும் பிறகுதான் கண்ணால் கண்டேன்.

இதிலிருந்து நான் கற்றது பொறுமை என்று சொன்னால் பட்டறைக்காரர் சந்தோஷப்படுவார். ஆனால் கற்றது அதுவல்ல. தத்தி எண்ணிக்கை எல்லையைத் தாண்டிய வயலில் காத்திருந்தால் வயல் போய்விடும். அப்படியான வயல்களில் பிற்காலத்தில் நானே மருந்தடிக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குள் தங்கியது ஒரு கேள்வி மட்டும்: இந்த விஷயத்தில் ஏற்கெனவே யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்? அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வருடம் கழித்து மகனுக்குச் சாதாரண தரக் கணக்கு இறங்கிப்போனது. இருந்த வகுப்பை நிறுத்தி வேறு ரியூஷனில் போடத் தயாரானேன். அப்போதுதான் அந்தக் காக்காவின் குரல் காதில் கேட்டது. பின்னேரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்த்தேன். அவனுடைய கூட்டாளிப் பையன் ஒருவன் வந்து, மாமரத்தின் கீழ் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நான் மருந்தடித்திருந்தால் அந்தப் பையனின் வருகை நின்றிருக்கும்.

இந்த வயல் பாடம் எனக்குக் கிடைத்த விலையைக் கவனியுங்கள். ஒரு மனிதரின் ஒரு போகத்து நெல். அடுத்தவர் செலவில் கற்றேன். அவர் பிறகும் என்னைச் சேர் என்றுதான் கூப்பிட்டார், களவெட்டிக்கு, அதாவது சூடடிக்கும் களத்துக்கு, போனால் தேத்தண்ணி தந்தார். அது இன்றும் கொஞ்சம் உறுத்தும்.

தயார்நிலையில் கிடைக்கும் பாடங்களை நான் சந்தேகப்படுவதற்கு இன்னொரு காரணம் 1978. நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பில் சூறாவளி அடித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வளைந்து கொடுக்கிற மரம் பிழைக்கும், விறைத்து நிற்கிற மரம் முறியும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விடிந்து பார்த்தபோது எங்கள் வளவுத் தென்னைகள் அத்தனையும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. இரவு முழுக்க வளைந்து வளைந்து கொடுத்தவை அவைதான். வேலியோரத்தில் வளையவே தெரியாத பனை இரண்டு, ஓலையெல்லாம் கிழிந்து மொட்டையாக நின்றன. வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தது, மண் எப்படி ஊறியிருந்தது, உச்சியில் எவ்வளவு பாரம் என்று கணக்கு வேறெங்கோ இருந்திருக்கிறது. பழமொழிக்கு மண்ணைத் தோண்டிப் பார்க்க நேரமில்லை.

2004 டிசம்பர் 26ஐப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்கிறேன். இலங்கையில் சுனாமியால் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். நீங்கள் பஸ்ஸில் போகும் வீதியின் கடற்கரைப் பக்கம் முழுவதும், உங்கள் கல்லடியும் நாவலடியும் சேர்த்து, அந்தக் காலையை அறியும். கடல் நமக்கு நிலையாமையைக் கற்றுத்தந்தது என்று யாராவது மேடையில் பேசினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கடல் யாருக்கும் ஒன்றும் கற்றுத்தரவில்லை. கடலடியில் நிலம் நகர்ந்தது, தண்ணீர் வந்தது. பிள்ளையைக் கொடுத்த தாயிடம் அதைப் பாடம் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. பாடம் என்று ஏதாவது இருந்தால் அதை எடுப்பதா இல்லையா என்று அந்தத் தாய் தீர்மானிக்கட்டும்.

இப்போது சின்னதாக ஒன்று. இதை நீங்களே இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம். ஆற்றங்கரையில் கண்ணா மரம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மரம்தான். அந்தச் சேற்றில் காற்று இல்லை, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. மழை பெய்யாத நாளில் ஒரு இலையைத் திருப்பி நாக்கு நுனியால் தொட்டுப் பாருங்கள். உப்புக் கரிக்கும். நல்ல வெயில் நாளில் வெள்ளைப் பொடியாகவே தெரியும். (கண்ணா என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். அதே கரையில் தில்லையும் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அடையாளம் தெரியாவிட்டால் ஒரு மீன்பிடிக்கிற ஆளிடம் கேளுங்கள்.)

நான் பல வருடம் கண்ணாவைப் பார்த்து, உப்புத் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிற மரம் என்று நினைத்திருந்தேன். தாங்கிக்கொள்வது என்றால் எனக்குச் சும்மா நிற்பது. இலையை நக்கிப் பார்த்த அன்றுதான் விஷயம் புரிந்தது. அந்த மரம் உள்ளே வந்த உப்பை ஒவ்வொரு நாளும் இலை வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்கென்று இலையில் சுரப்பிகள் இருக்கின்றன, அதற்குச் சக்தி செலவாகிறது. வெளியே பார்த்தால் அசைவே தெரியாது. நான் வேலை செய்த ஒரு அலுவலகத்தில் சில வருடங்கள் எனக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. யாரிடமும் பேசாமல் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை. நான் உப்பைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பிறகுதான் பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் கூட்டாளி வீட்டுக்குப் போய் அன்றைய புலம்பலை அன்றே கொட்டிவிட்டு வரத் தொடங்கினேன். அவன் பாவம், கேட்டுக்கொண்டிருப்பான்.

தூக்கணாங்குருவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனைவி கோபிப்பாள். அது அவள் கண்டது. வயலோரத்துப் பனையோலையில் தொங்கும் கூடுகளில், கீழ்ப்பக்கம் திறந்து தொப்பி மாதிரிப் பாதியில் நிற்கும் கூடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்றில் சேதமானவை என்று நான் சொல்லிவந்தேன். அவள் பெரும்போகத்தில் வயல் குடிசையான வாடியில் தங்கியிருந்த நாட்களில் கவனித்துவிட்டுச் சொன்னாள்: ஆண்குருவி பாதிவரை பின்னிவிட்டு நிறுத்தும், பெண்குருவி வந்து உள்ளே தொங்கிப் பார்க்கும், பிடித்தால்தான் ஆண் மிச்சத்தைக் கட்டும், பிடிக்காவிட்டால் அதை விட்டுவிட்டுப் பக்கத்து ஓலையில் வேறொன்று தொடங்கும். பறவை நூல்களிலும் அப்படியே இருக்கிறது. பாதியில் காட்டு, முழுதும் கட்டிவிட்டுக் காட்டாதே. மகளின் கலியாண வீட்டுப் பந்தல் முதல் எல்லாவற்றிலும் அவள் இதை என்மேல் பிரயோகித்துவிட்டாள்.

அப்படியானால் எப்படிக் கவனிப்பது என்று கேட்பீர்கள். நான் செய்வது இதுதான். ஒரு கொப்பி, நாற்பது பக்கக் கொப்பி போதும். ஒரு இடம். அந்த இடத்தை மாற்றக்கூடாது. கிழமைக்கு இரண்டு தரமாவது அதே நேரத்துக்குப் போக வேண்டும். இடப்பக்கத்தில் கண்டதை எழுதுங்கள், வலப்பக்கத்தில் அதைப் பற்றி நீங்கள் நினைத்ததை எழுதுங்கள். ‘கொக்கு ஒற்றைக் காலில் நின்றது’ இடப்பக்கம். ‘கொக்குக்குத் தனிமை பிடிக்கும்’ வலப்பக்கம். ஒரு மாதம் கழித்து வலப்பக்கத்தை வாசித்து, பிழையென்று தெரிந்ததை வெட்டுங்கள். வெட்டிய வரிகளில்தான் உங்களுக்கான விஷயம் இருக்கும். ஏன் அப்படி நினைத்தேன் என்று உங்களையே கேட்பீர்கள். அதற்கு மேல் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வலப்பக்கம் ஒன்றுமே வராத நாளில் வெறுமையாக விடுங்கள். நீங்கள் இரண்டு மாதமாக வலப்பக்கத்தை மட்டும் நிரப்பப் பார்த்திருக்கிறீர்கள், அதனால்தான் களைத்துவிட்டீர்கள்.

பாடமே கிடைக்காவிட்டாலும் போவது வீண் இல்லை. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள், அப்படிப் போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்கிறது. ஒரே தடவையாகவும் போகலாம், பிரித்தும் போகலாம். நாளுக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம். அதற்கு முன்பே, 1984இல், றோஜர் உல்ரிச் என்பவர் பித்தப்பைச் சத்திர சிகிச்சை செய்த 46 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த கட்டிலில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே எடுத்தார்கள். அந்த மரங்கள் அவர்களுக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. தெரிந்தன, அவ்வளவே.

உங்களுக்கு வசதி என்னவென்றால் பஸ்ஸிலேயே ஒரு இடம் இருக்கிறது. ஓந்தாச்சிமடத்துக்கும் கோட்டைக்கல்லாற்றுக்கும் இடையிலுள்ள பாலம். கல்முனைக்குப் போகும்போது வலப்பக்கம் ஜன்னலோரம் இருங்கள். ஆறு சில நொடிதான் தெரியும். தண்ணீர் எவ்வளவு உயரம், என்ன நிறம், தோணி எத்தனை, எந்தப் பக்கம் அலை. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை அதை மட்டும் எழுதிவந்தால், மழை எப்போது ஆற்றின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெய்தது, ஆற்றுவாய் (ஆறு கடலில் சேரும் இடத்தை அடைக்கும் மணல்) எப்போது வெட்டுப்பட்டது என்று பத்திரிகை சொல்ல முன்பே உங்களுக்குத் தெரியும். ஆற்றுவாய் வெட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது: வெள்ளத்தில் வயல் தாழ்ந்தால் வேளாண்மைக்காரர் உடனே வெட்டச் சொல்வார்கள், மீன்பிடிக்காரர் பொறுக்கச் சொல்வார்கள். 56 கிலோமீற்றர் நீளமான ஒரே ஆறு, இரண்டு பேருக்கு இரண்டு ஆறு. நான் வயல்பக்கத்து ஆள் என்பதால் நாற்பது வயதுவரை மீன்பிடிக்காரரின் கதையைக் கேட்கவே இல்லை. இறால் கடலில் முட்டையிலிருந்து வெளிவந்து, குஞ்சாக ஆற்றுக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது என்பதை அத்தாங்கு என்ற கைவலையால் மீன்பிடிக்கும் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன், அதுவும் சந்தையில் நின்றபடி.

மேலதிகாரியின் சொல்லுக்கு மனம் சுருங்குகிறது என்றீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத் தொட்டாச்சுருங்கியிடம் போங்கள். கூச்சத்துக்கு உவமை சொல்ல எல்லோரும் அதைத்தான் பிடிப்பார்கள். ஆனால் 2014இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை வேறு கதை சொல்கிறது. தொட்டாச்சுருங்கியைச் சட்டியோடு 15 சென்றிமீற்றர் உயரத்திலிருந்து மெத்தென்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழவைத்தார்கள். முதலில் இலை மூடியது. சில தடவை விழுந்த பின், இதனால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதுபோல மூடுவதை நிறுத்திவிட்டது. களைத்துப்போய் நிறுத்தியதா என்று பார்க்க வேறுவிதமாகக் குலுக்கினார்கள். அதற்கு உடனே மூடியது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபடி விழவைத்தபோதும் பழையது நினைவிருப்பதுபோல நடந்துகொண்டது. வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்ந்த செடிகள் இதை இன்னும் சீக்கிரம் பழகின. இலை மூடியிருக்கும் நேரம் செடிக்கு வெயில் நட்டம், வெளிச்சம் அரிதான இடத்தில் அந்த நட்டம் பெரிது. செடிக்கு நினைவு என்று சொல்லலாமா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள், அது அவர்கள் பாடு. நான் ஒரு செடியைச் சட்டியில் வைத்து, கட்டிலின் தலையணைமேல் விழவைத்துப் பார்த்தேன். எட்டாம் தடவைக்குப் பிறகு பாதி இலைகள்தான் மூடின. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

உங்கள் விஷயத்தில் இதை எப்படிப் பொருத்துவது என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு விஷயம் தவிர. அந்தச் செடி எல்லாவற்றுக்கும் திறந்து கிடக்கப் பழகவில்லை. விழுவதையும் குலுக்குவதையும் அது பிரித்தறிந்தது. மேலதிகாரியின் சொல்லில் வேலையைப் பற்றிய கடுகடுப்பு எது, உங்களைத் தாழ்த்துகிற சொல் எது என்று ஒரு கிழமைக்குக் கொப்பியில் பிரித்து எழுதிப் பாருங்கள். முதலாவது தலையணைமேல் விழுவது. இரண்டாவது வகை அடிக்கடி வந்தால் மூடிக்கொள்வதும் போதாது, வீட்டிலும் அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடமும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்குச் செடியிடம் உவமை தேட வேண்டாம்.

கடைசியாக, கல்லடியில் இருந்துகொண்டு பாடும் மீன் (இரவில் ஆற்றுக்கு அடியிலிருந்து வரும் என்று சொல்லும் இசைபோன்ற ஒலி) கேட்டிருக்கிறீர்களா என்று நான் கேட்காவிட்டால் சரியில்லை. பழைய பாலத்தின்மேல் நின்றுகொண்டு, ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் கதை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பாலத்தின்மேல் வாகனச் சத்தம்தான் கேட்கும். கோடை மாதங்களில், நிலவுக் காலத்தில், இரவு ஒன்பது பத்து மணிக்கு மேல், தெரிந்த ஆள் ஒருவரின் தோணியில் வீட்டாரோடு போங்கள். பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வையுங்கள். 1848இல் இங்கே வந்து கேட்ட எமர்சன் ரெனன்ட் என்ற வெள்ளைக்காரத் துரையும் தோணியின் மரத்தில் காதை வைத்தபோதுதான் ஒலி கூடியது என்று எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்ப்பது போன்ற ஒலி என்றார். அன்றைய மீனவர்கள் அவரிடம் மீன் என்று சொல்லவில்லை, ஊரி என்று சொல்லியிருக்கிறார்கள். ஆற்றில் கிடக்கும் சின்ன நத்தைதான். மீன் என்பவர்களும் இருக்கிறார்கள், ஊரி என்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் நாலு தரம் போய் ஒரு தரம் கேட்டேன். தூரத்தில் யாரோ தம்புராவில் ஒரே நரம்பை மீட்டிக்கொண்டிருப்பதுபோல, நிற்பதும் தொடர்வதுமாக. கொப்பியில் இடப்பக்கம் திகதியும் நேரமும் எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் ‘ஊரி?’ என்று எழுதி, அதன்கீழ் ‘தவளையோ?’ என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் இன்னும் வெட்டவில்லை. போகிற அன்று தோணிக்காரரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள், நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டும் போங்கள்.